65,536 ஜமுக்காளங்களும் ஒரு மூளையும்

உலகத்திலேயே அதிகமாகச் சோதிக்கப்பட்ட மூளைகளில் ஒன்று இந்த நிமிஷம் என் சமையலறை மேசைமேல் திறந்து கிடக்கிறது! பயப்பட வேண்டாம், மடிக்கணினித் திரையில்தான். அதில் வேண்டுமென்றே இரைச்சலைக் கூட்டலாம், ஒரு பக்கத்தை மட்டும் மங்க வைக்கலாம், நோயின் வடுக்களைச் சேர்க்கலாம், பிறகு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் துடைத்தும் பார்க்கலாம். துடைத்தது சரியா தப்பா என்று அந்த மூளையே சொல்லிவிடும். அது பிறந்த இடம், நான் குடியிருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து மெட்ரோவில் போய்விடுகிற தூரம். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது?

செயின்ட்-மிஷேல் மாண்ட்ரியலின் வடக்குப் பக்கத்துப் பேட்டை. ஹைத்திக்காரர்களின் கடைகள், ழான்-தலோன் தெருவில் அல்ஜீரிய, மொராக்கோ சாப்பாடு, சர்க் து சொலேய் சர்க்கஸின் தலைமையகம், பழைய கல் குவாரியின் மேல் எழுந்த பெரிய பூங்கா, இவை எல்லாம் இங்கேதான். 1986-இல் திறந்த நீல மெட்ரோப் பாதை கிழக்கே இங்கு வந்து முடிகிறது. இன்னும் கிழக்கே ஐந்து நிறுத்தங்கள் நீட்டும் வேலை இப்போது நடக்கிறது. இதே நீலப் பாதையில் மேற்கே போனால், எங்கும் மாறாமல், மாண்ட்ரியல் பல்கலைக்கழக நிறுத்தம் வரும். மேட்டில் ஏறினால் பொலிடெக்னிக். தண்டுவடத்தின் எம்.ஆர்.ஐ. படங்களை அலசுவதற்கென்றே ஒரு மென்பொருளை ழூலியன் கோஹென்-அடாடின் குழு அங்கே உருவாக்கி, இலவசமாகவே விட்டிருக்கிறது. அப்படியில்லாமல் நடுவழியில் ஆரஞ்சுப் பாதைக்கும், பிறகு பச்சைப் பாதைக்கும் மாறினால் மக்கில் நிறுத்தம். அங்கிருந்து மலைப்பக்கம் ஏறினால் வைல்டர் பென்ஃபீல்ட் 1934-இல் தொடங்கிய மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம். ஊர் அதைச் செல்லமாக ‘நியூரோ’ என்கிறது. என் மேசைமேல் இருக்கும் மூளை நியூரோ வீட்டுப் பிள்ளை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் மேல்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். ஒருநாள் படிக்கட்டில் வைத்துச் சொன்னார்: “தம்பி, மெஷின் படமே எடுக்கிறதில்லை. அது ஒட்டுக் கேக்குது, அவ்வளவுதான். படத்தைக் கொம்பியூட்டர்தான் செய்யுது.” அன்றிலிருந்து நான் அக்காவை விடுவதாக இல்லை.

நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்து கிடக்கின்றன. 3 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்தால் அவை நொடிக்குச் சுமார் 12.77 கோடி முறை சுழன்று அசைகின்றன, அதாவது 127.7 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலி 108-இல் முடிகிறது இல்லையா, அதற்குக் கொஞ்சம் மேலே! உங்கள் மூளை ஒரு வானொலி நிலையமாகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஒலிபரப்பு அதில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்கேன் அறையின் சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் உலோகக் கவசம் போடுகிறார்கள். கதவு சரியாக மூடாவிட்டால் படத்தில் ஒரு புள்ளிக்கோடு குறுக்கே ஓடும். தலையைச் சுற்றி மாட்டுகிறார்களே ஒரு கூண்டு, அதுதான் காயில், அதாவது ஏரியல். டக்டக் என்று காது கிழிகிற சத்தம், கிரேடியன்ட் சுருள்களில் மின்சாரம் படபடவென்று மாறுவதால் வருவது. அந்தச் சுருள்கள்தான் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றி, எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை அதன் அலைவரிசையிலும் ஃபேஸ் என்னும் அலைக்கட்டத்திலும் எழுதிவைக்கின்றன.

இப்படிக் கேட்டதெல்லாம் ஒரு கட்டத் தாளில் சேர்கிறது. அதன் பெயர் கே-ஸ்பேஸ். திறந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மூளையும் இல்லை, மூக்கும் இல்லை. நடுவில் ஒரு வெள்ளைப் பிரகாசம், சுற்றிலும் மங்கலான தூசு. ஆனால் அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பவானி ஜமுக்காளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் கோடுகள்தான். கோட்டின் அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாயம் எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் அந்தக் கட்டம் சொல்கிறது. நடுக்கட்டங்கள் அகலக் கோட்டு ஜமுக்காளங்கள், ஓரக்கட்டங்கள் நெருக்கக் கோட்டு ஜமுக்காளங்கள். 256-க்கு 256 கட்டம் என்றால் 65,536 ஜமுக்காளங்கள். அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கூட்டினால், அடடா, மூளை! இந்தக் கூட்டலுக்குத்தான் ஃபூரியே உருமாற்றம் என்று பெயர். 1965-இல் கூலியும் டுக்கியும் அதற்கு அதிவேகக் கணக்கு முறை ஒன்றைத் தந்துவிட்டதால், மடிக்கணினி கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடுகிறது.

வீட்டிலேயே செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். ஒரு மூளை வெட்டை 256-க்கு 256 சட்டத்தில் வைத்து, பைத்தானில் ஃபூரியே போட்டால் கே-ஸ்பேஸ் கிடைத்துவிடும். அதில் நடுவே 32-க்கு 32 சதுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பூஜ்யமாக்கினேன். 65,536-இல் வெறும் 1,024 எண்கள், அறுபத்து நான்கில் ஒரு பங்கு! திருப்பிப் படமாக்கினால் மூளை இருக்கிறது! மங்கல்தான், ஆனால் வெண்பொருள் எது, சாம்பல்பொருள் எது, நீர் நிறைந்த அறைகள் எவை என்று தெரிகிறது. அடுத்து நேர்மாறாக, நடுச் சதுரத்தைக் காலி செய்துவிட்டு ஓரங்களை மட்டும் வைத்தேன். இப்போது வெளிச்சமும் இருட்டும் போய்விட்டன. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் மட்டும், ஊசியால் கீறியதுபோல மெல்லிசாக. நடுவில் இருப்பது சாயம், ஓரத்தில் இருப்பது வரைகோடு. இதைப் பார்த்தபின் ‘வடிகட்டி’ என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் பயமே வராது. கே-ஸ்பேஸில் எதை வைக்கிறோம், எதைக் குறைக்கிறோம் என்பதுதான் வடிகட்டியின் முதல் வேலை.

முதல் படம் நேராக ஃபூரியே வழியில் கட்டப்படவில்லை என்பது இன்னொரு சுவாரசியம். 1973-இல் பால் லாட்டர்பர் ‘நேச்சர்’ இதழில் போட்ட முதல் படத்தில் இருந்தவை நீர் நிறைந்த இரண்டு மெல்லிய குழாய்கள்தான். பல கோணங்களில் நிழல் எடுத்து, நிழல்களைப் பின்னோக்கி இறைத்துப் படத்தைக் கட்டினார். நேராக ஃபூரியே வழியில் படம் கட்டலாம் என்று காட்டிய கட்டுரை 1975-இல் சூரிச்சிலிருந்து வந்தது. எழுதியவர்கள் அனில் குமார், டீட்டர் வெல்டி, ரிச்சர்ட் எர்ன்ஸ்ட். முதல் பெயரைக் கவனித்தீர்களா? பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த அனில் குமார்தான் அவர். எர்ன்ஸ்டுக்கு 1991-இல் வேதியியல் நோபல், லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல். இன்று மதுரையிலோ மாண்ட்ரியலிலோ நீங்கள் ஸ்கேனுக்குப் படுத்தால், பெரும்பாலும் அந்த 1975 கட்டுரையின் வழியில்தான் உங்கள் படம் பிறக்கிறது. அனில் குமார் என்ற பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

சரி, கட்டத் தாளுக்கு எங்கேயோ ஓரம் இருந்தாக வேண்டுமே? அங்கேதான் வேடிக்கை. நெருக்கக் கோட்டு ஜமுக்காளங்கள் ஓர் எல்லையில் சட்டென்று நின்றுபோனால், படத்தில் கூர்மையான விளிம்புகளுக்குப் பக்கத்தில் அலை அலையாகப் பொய்க்கோடுகள் கிளம்பும். இதற்குக் கிப்ஸ் வளையம் என்று பெயர். விளிம்பில் வெளிச்சம் தாவும் உயரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் மிகையாகத் துள்ளும். கட்டங்களை அதிகமாக்கினால் அந்தத் துள்ளல் குறுகும், ஆனால் உயரம் குறையவே குறையாது! கழுத்துப் பகுதியில் இது பொல்லாத வேலை செய்யும். அக்கா சொன்னார்: “முள்ளந்தண்டுக்குள்ள நடுவால ஒரு கோடு ஓடும். புதுசா வந்த பிள்ளையள் பயந்துபோவினம், உள்ளுக்க நீர் கட்டியிருக்கு எண்டு. அது வருத்தமில்லைத் தம்பி, கணக்கு விட்ட கோடு.” சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஃபேஸ் திசையை மாத்தி இன்னொருக்கா எடுப்பம். இல்லாட்டி ஸ்டெப்பைக் கூட்டுவம். கோடு இடம் மாறினா அது பொய்.” கணக்கு வழியிலும் மருந்து உண்டு. ஓரத்தைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மெல்லத் தணிக்கும் ஹாமிங், டுக்கி ஜன்னல்கள். அலைகள் அடங்கிவிடும், பதிலுக்குக் கூர்மையும் கொஞ்சம் போய்விடும். எதையும் கொடுக்காமல் எதையும் வாங்க முடியாத கடை இது!

இப்போது நம் கதாநாயகனான மூளைக்கு வருவோம். எம்.ஆர்.ஐ.யின் நிரந்தர எதிரி இரைச்சல். உடம்பின் வெப்பமே காயிலுக்குள் ஒரு பொருபொருப்பைத் தருகிறது. ஒரே மூளையைப் பலமுறை எடுத்துச் சராசரி போட்டால் அது தணியும், ஆனால் மெதுவாகத்தான். நான்கு முறை எடுத்தால் பாதி, ஒன்பது முறை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. நியூரோவில் ஒருவரை 27 முறை ஸ்கேன் செய்தார்கள். ஒவ்வொரு படத்தையும் நுணுக்கமாக ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி எடுத்தார்கள். இரைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1998-இல் வெளியான அந்தப் படத்துக்குப் பெயர் கொலின்27. அப்படியொரு சுத்தமான மூளைப்படத்தை அதற்குமுன் உலகம் பார்த்ததில்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். சிறுமூளையின் இலை இலையான மடிப்பைப் பாருங்கள், கண் நகராது. ஆனால் நோயாளியிடம் இது நடக்குமா? ஒரு ஸ்கேன் ஐந்து நிமிஷம் என்றாலே 27-க்கு இரண்டே கால் மணி நேரம். வலியோடு வருபவர் அசையாமல் படுப்பாரா? நேரம் தர முடியாததைக் கணக்கால் பெற முயல்வதுதான் வடிகட்டியின் பிழைப்பு.

அங்கேதான் ஒரு பெரிய கேள்வி முளைக்கிறது. வடிகட்டி துடைத்தது இரைச்சலையா, உண்மையையா? நோயாளியின் மூளைக்குள் நிஜமாக என்ன இருக்கிறது என்பது தெரியாதே, எதோடு ஒப்பிடுவது? நியூரோக்காரர்கள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. கொலின்27-ஐ எடுத்து, ஒவ்வொரு கன மில்லிமீட்டரும் என்ன திசு என்று வகைப்படுத்திவிட்டார்கள். சாம்பல்பொருள், வெண்பொருள், மூளைநீர், கொழுப்பு, தோல், எலும்பு என்று பின்னணியோடு சேர்த்துப் பத்து வகை. 181-க்கு 217-க்கு 181, மொத்தம் 71 லட்சம் கட்டங்கள். பிறகு ஸ்கேன் இயந்திரத்தின் இயற்பியலையே கணினியில் ஓடவிட்டு, அந்த மூளையைப் ‘பொய்யாக’ ஸ்கேன் செய்தார்கள். அதுதான் பிரெயின்வெப். 1990-களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரைச்சல் 0, 1, 3, 5, 7, 9 சதவீதம். வெட்டின் தடிமன் 1 மில்லிமீட்டரிலிருந்து 9 வரை. புல ஏற்றத்தாழ்வு 0, 20, 40 சதவீதம். நம் இஷ்டம்! விடைத்தாள் கையில் இருக்கும் மூளை. புது வடிகட்டி கண்டுபிடிப்பவர்கள் பலரும் இந்த மாண்ட்ரியல் மூளையிடம் பரீட்சை எழுத வருகிறார்கள்.

அந்த ‘ஏற்றத்தாழ்வு’ என்ன என்று கேட்பீர்கள். காயிலுக்குக் கிட்டே இருக்கும் பகுதி பளிச்சென்றும், தள்ளி இருப்பது மங்கலாகவும் வரும். ஒரே வெண்பொருள் இடப்பக்கம் ஒரு வெள்ளை, வலப்பக்கம் வேறொரு வெள்ளை. மருத்துவர் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கணினி குழம்பிவிடும். 1998-இல் நியூரோவின் ஜான் ஸ்லெட், அலெக்ஸ் ஸைடன்பாஸ், ஆலன் எவன்ஸ் மூவரும் என்3 என்ற முறையைத் தந்தார்கள். எந்த இடத்தில் என்ன திசு என்று அதற்குச் சொல்லவே வேண்டாம்! படத்தில் எத்தனை புள்ளிகள் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு வரைபடம் போட்டால், சுத்தமான மூளையில் ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு கூரிய சிகரம் நிற்கும். ஏற்றத்தாழ்வு அந்தச் சிகரங்களை மழுங்கடிக்கிறது. ஆகவே, எந்த மெல்லிய நிழலை விலக்கினால் சிகரங்கள் மறுபடி கூர்மையாகின்றன என்று என்3 திரும்பத் திரும்பத் தேடுகிறது. 40 சதவீத நிழலைப் போட்டு, 2010-இல் வந்த அதன் வாரிசான என்4-ஐ ஓடவிட்டேன். நிழல் சுருட்டிக்கொண்டு ஓடியது. அக்கா கைதட்டினார்.

இதற்கிடையில் வேகப் பந்தயமும் நடந்துகொண்டே இருந்தது. 1999-இல் சென்ஸ், 2002-இல் கிராப்பா. பல காயில்கள் ஆளுக்கொரு கோணத்தில் கேட்பதை வைத்து, வேகத்துக்காக விட்டுவிட்ட கே-ஸ்பேஸ் வரிகளைக் கணக்கிட்டு நிரப்பும் முறைகள் இவை. 2007-இல் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜான் பாலி இன்னும் துணிச்சலாக ஒன்று சொன்னார்கள். வரிகளைத் தாறுமாறாக விட்டுவிடுங்கள், அப்போது வரும் பிழை இரைச்சல்போலச் சிதறிவிடும், அதைச் சுருக்கெனத் துடைத்துத் துடைத்து நிஜப்படத்தை மீட்கலாம் என்று. அதன் பிறகு நரம்பு வலைப்பின்னல்கள். 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. திட்டத்தில் கச்சா கே-ஸ்பேஸ் தரவைக் கடைவிரித்தன. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, ஆனால் அந்தத் திட்டத்தின் 2020 போட்டியில் சில முறைகள் நோயாளியிடம் இல்லாத உருவங்களைப் படத்தில் வரைந்துவிட்டதும் பதிவாகியிருக்கிறது. விடைத்தாள் உள்ள மூளைமேல் எனக்கு இவ்வளவு பாசம் ஏன் என்று இப்போது புரிகிறதா?

வேகம் என்றதும் ஒரு தமிழ்ச் சமாசாரம், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தபடி உச்சரிக்க வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்! ஸ்ரீகாந்த் நாராயணன் (சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்), டேனி பர்ட், அபிகேல் கான் மூவரின் ஆய்வு 1999-இல் வந்தது. ஒரு ழகரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தால்தான் அன்றைக்குப் படம் கிடைக்கும். 2004-இல் கிருஷ்ண நாயக்கோடு சேர்ந்து நாராயணன், பேசப் பேச நாக்கைப் படமெடுக்கும் வழியைக் காட்டினார். கே-ஸ்பேஸை வரி வரியாகப் படிக்காமல் நடுவிலிருந்து சுருள் சுருளாகப் படித்தார்கள். பேச்சுக் குரலை மூழ்கடிக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் தனியாக ஒரு வடிகட்டி போட்டார்கள். காந்தக் குகைக்குள் நாக்கு பின்னால் வளைந்து ழகரத்துக்குத் தயாராவதை நினைத்துப் பாருங்களேன்!

சமையலறை மேசைக்கு வருகிறேன். பிரெயின்வெப்பில் 9 சதவீத இரைச்சலைப் போட்டேன். மூளை முழுக்கப் பொருபொரு. முதலில் காஸியன் வடிகட்டி, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிகளின் சராசரி. இரைச்சல் அடங்கியது, ஆனால் மடிப்புகளும் குழைந்துவிட்டன. அடுத்தது நான்-லோக்கல் மீன்ஸ். 2005-இல் பூவாதெஸ், கோல், மொரெல் சாதாரணப் படங்களுக்காகச் சொன்ன யோசனை, பியரிக் கூப்பே குழுவினர் 2008-இல் மூளைக்கு ஏற்றபடி வேகப்படுத்தினார்கள். இது பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை, தன்னைப்போல் இருப்பவரைக் கேட்கிறது! ஒரு மடிப்பின் துண்டை எடுத்து, அதே சாயல் உள்ள துண்டுகளைச் சுற்றுவட்டாரமெல்லாம் தேடி, அவற்றோடு மட்டும் சராசரி போடுகிறது. எம்.ஆர்.ஐ. இரைச்சலுக்கு ஒரு விசேஷ குணமும் உண்டு. அளவை மட்டும் எடுத்துப் படமாக்குவதால் இருட்டான இடம்கூடப் பூஜ்யத்துக்கு இறங்காமல் சாம்பல் பூத்து நிற்கும். 2010-இல் மன்ஹோன், கூப்பே, நியூரோவின் லூயி காலின்ஸ் குழுவினர் அதையும், இடத்துக்கு இடம் மாறும் இரைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. வடிகட்டிய படத்தை மூலப்படத்திலிருந்து கழியுங்கள். எதை எடுத்து வீசினோமோ அது மட்டும் திரையில் வரும், குப்பைக்கூடையைக் கிளறிப் பார்ப்பது! காஸியனின் கூடையைத் திறந்தேன். மண்டை ஓட்டின் வளையம், மடிப்புகளின் விளிம்பு, நடுப்பிளவு என்று முழு மூளையே அங்கே கிடந்தது. அத்தனையும் வீசப்பட்ட உண்மை! நான்-லோக்கல் மீன்ஸின் கூடையில் ஏறக்குறைய வெறும் பொடி இரைச்சல்தான். அக்கா திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “ஓம், இது நல்ல சாமான்” என்றார்.

பிறகு அவரே, “வருத்தக்காரரின்ர மூளை இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது. பிரெயின்வெப்பில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வடுக்களோடும் ஒரு மூளை உண்டு. அந்த நோய் உலகிலேயே அதிகமாக இருக்கும் நாடுகளில் கனடாவும் ஒன்று. மூளைநீர் அறைகளின் ஓரத்தில் ஒரு பெரிய வடு, தள்ளி ஒன்றிரண்டு பொட்டுகள். காஸியன் போட்டதும் சிறிய பொட்டு வெண்பொருளோடு கரைந்துவிட்டது. நான்-லோக்கல் மீன்ஸ் அதை வைத்திருந்தது. ஆனால் அதன் வலிமையைக் கூட்டக் கூட்ட அதுவும் பொட்டை விழுங்கத் தொடங்கியது, ஏனென்றால் தனித்த சின்னப் பொட்டுக்குத் தன்னைப்போல் இன்னொன்று கிடைப்பதில்லை. “அதுதான் ஃபில்டர் போடாத படத்தையும் சேர்த்து அனுப்ப வேணும் எண்டு நான் சொல்லுறது” என்றார் அக்கா. அடுத்து வெட்டின் தடிமனை 1 மில்லிமீட்டரிலிருந்து 5-க்கு மாற்றச் சொன்னார். இரைச்சலே இல்லாத படம்தான், வடிகட்டியும் போடவில்லை. ஆனாலும் பொட்டு சுற்றியுள்ள திசுவோடு கலந்து மங்கிவிட்டது, அதை எந்தக் கணக்கும் திருப்பித் தராது. மெல்லிய வெட்டுதான் வேண்டும். மெல்லிய வெட்டில் சிக்னல் குறைவு, இரைச்சல் தூக்கலாகும். அக்கா 3 மில்லிமீட்டரைப் போட்டு, வலிமையைக் கொஞ்சம் இறக்கி, குப்பைக்கூடையை மறுபடி திறந்தார்.